எஸ்.ஏ.டி. தேர்வின் 134 நிமிடங்கள்: எந்தப் பகுதிக்கு எவ்வளவு, நேரம் எங்கே கரைகிறது

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் 98 கேள்விகள். மொத்த நேரம் 2 மணி 14 நிமிடம். புதிதாகத் தயாராகிறவர்கள் பலரும் இந்த இரண்டையும் வகுத்து, கேள்விக்கு 82 விநாடி என்று கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் தேர்வில் எந்த இடத்திலும் அந்த 82 விநாடி கைக்கு வராது. ஒரு பகுதியில் அதைவிடக் குறைவு, இன்னொன்றில் அதிகம். ஒரு பகுதியில் மிச்சம் பிடித்த நேரத்தை அடுத்ததற்கு எடுத்துப்போகவும் முடியாது.

எஸ்.ஏ.டி.யை ஒரே நீளத் தேர்வாகப் பார்க்காமல், தனித்தனிக் கடிகாரம் ஓடும் நான்கு சின்னத் தேர்வுகளாகப் பாருங்கள். இந்த நான்குக்கும் மாட்யூல் என்று பெயர். நேரத்தைப் பற்றிய எல்லா முடிவும் மாட்யூல் அளவில்தான் எடுக்கவேண்டும்.

நான்கு மாட்யூல்கள்

முதலில் வருவது ரீடிங் அண்ட் ரைட்டிங், அதாவது ஆங்கில வாசிப்பும் எழுத்தும். இதில் இரண்டு மாட்யூல். ஒவ்வொன்றிலும் 27 கேள்வி, 32 நிமிடம். அடுத்தது கணிதம். அதிலும் இரண்டு மாட்யூல், ஒவ்வொன்றிலும் 22 கேள்வி, 35 நிமிடம். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் நடுவில் 10 நிமிட இடைவேளை உண்டு. அது 134 நிமிடக் கணக்கில் சேராது.

வகுத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் கேள்விக்கு 71 விநாடி, கணிதத்தில் 95 விநாடி. ஆங்கிலத்தில் நேரம் போதவில்லை, கணிதத்தில் கொஞ்சம் மிஞ்சியது என்று பலர் சொல்வதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம்.

ஒரே பாடத்தின் இரண்டு மாட்யூல்களுக்கு நடுவில் இடைவேளை கிடையாது. முதல் மாட்யூலின் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் இரண்டாவது தானாகத் தொடங்கிவிடும். நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போனால் கடிகாரம் நிற்காது. ஒரு மாட்யூலுக்குள் இருக்கும்வரை முன்னும் பின்னும் போகலாம், விடையை மாற்றலாம், கேள்வியைக் குறித்துவைத்துத் திரும்பி வரலாம். அது முடிந்துவிட்டால் பிறகு திறக்கவே முடியாது. 25-ஆவது நிமிடத்திலேயே முடித்துவிட்டாலும் அடுத்ததற்குத் தாவ முடியாது, கடிகாரம் ஓடி முடியும்வரை அங்கேயே இருக்கவேண்டும். ஆகவே சீக்கிரம் முடிப்பதால் ஒரு லாபமும் இல்லை. மிஞ்சும் நேரத்துக்கு ஒரே பயன், அதே மாட்யூலைத் திரும்பப் பார்ப்பது.

இந்த வடிவம் புதியது. கம்ப்யூட்டரில் எழுதும் எஸ்.ஏ.டி. அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச்சிலும், அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் வந்தது. அதற்கு முந்தைய தாள் தேர்வு 3 மணி நேரம், 154 கேள்வி. அதில் ஒரு நீளப் பத்தியைப் படித்துவிட்டு அதைப் பற்றிப் பத்துப் பதினொரு கேள்விக்குப் பதில் எழுதவேண்டும், கணிதத்தில் கால்குலேட்டர் இல்லாத ஒரு பகுதியும் தனியாக இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் 2023-க்கு முந்தைய பயிற்சிப் புத்தகத்தில் கணக்குப் பழகலாம், தவறில்லை. நேரம் பார்த்துப் பழக மட்டும் அதைத் தொடவேண்டாம். அந்த வேகமும் இந்த வேகமும் வேறு.

இரண்டாவது மாட்யூல் எல்லாருக்கும் ஒன்றல்ல

முதல் மாட்யூலில் எளிது, நடுத்தரம், கடினம் மூன்றும் கலந்து வரும். அதில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து, இரண்டாவது மாட்யூல் சற்று எளிதான கேள்விகளோடோ கடினமான கேள்விகளோடோ வரும். அடாப்டிவ் தேர்வு என்று சொல்வது இதைத்தான். கேள்விக்குக் கேள்வி மாறாது, மாட்யூலுக்கு மாட்யூல்தான் மாறும். ஆங்கிலத்தின் முடிவு கணிதத்தைப் பாதிக்காது. கணிதத்தின் முதல் மாட்யூல் எல்லாருக்கும் மறுபடி கலவையாகவே தொடங்கும்.

மதிப்பெண்ணில் இதன் விளைவு பெரியது. ஒவ்வொரு பாடத்துக்கும் 200 முதல் 800 வரை, பத்துப் பத்தாக மதிப்பெண். இரண்டும் சேர்ந்து 400 முதல் 1600. சரியான விடைகளை எண்ணிக் கூட்டிப் போடும் மதிப்பெண் அல்ல இது. எந்தக் கேள்வியை, எவ்வளவு கடினமான கேள்வியைச் சரியாகச் செய்தீர்கள் என்பதும் கணக்கில் வரும். ஆகவே ஒரே எண்ணிக்கையில் சரியாக எழுதிய இருவருக்கு வெவ்வேறு மதிப்பெண் வரலாம். எளிதான இரண்டாவது மாட்யூல் கிடைத்தவர் அதில் ஒன்றுவிடாமல் சரியாக எழுதினாலும் 800-ஐ எட்ட முடியாது.

எத்தனை சரியாக இருந்தால் கடினமான மாட்யூல் கிடைக்கும் என்று தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு எல்லைக்கோடு எதையும் வெளியிடவில்லை. இணையத்தில் சுற்றும் எண்கள் ஊகங்கள்தான். நமக்குத் தேவையான பாடம் ஒன்றே: முதல் மாட்யூலில் தெரிந்த கேள்வியைத் தவறவிடக் கூடாது. கடைசி இரண்டு கடினமான கேள்விகளோடு எட்டு நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, நடுவில் நான்கு சுலபமான கேள்விகளை அவசரத்தில் கோட்டைவிடுவது மிக மோசமான வியாபாரம்.

இரண்டாவது மாட்யூல் தொடங்கியதும், 'இது கடினமானதா எளிதானதா, நமக்கு எது வந்திருக்கிறது' என்று மனம் ஆராயத் தொடங்கும். அதை அடக்குங்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு எதுவும் கடினமாகத்தான் தெரியும், நன்றாகப் படித்தவருக்குக் கடினமானதும் சாதாரணமாகத் தெரியும். உள்ளே உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாத ஒன்றுக்கு ஒரு நிமிடம் செலவழிப்பது வீண்.

இன்னொரு செய்தி. ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கும் கேள்விகள் அவை. ஆக 98-இல் 90-க்குத்தான் மதிப்பெண்: ஆங்கிலத்தில் 50, கணிதத்தில் 40. எது சோதனைக் கேள்வி என்று பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. விசித்திரமாக ஒரு கேள்வி வந்து மலைக்க வைத்தால், 'இது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம்' என்று மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போக மட்டும் இது உதவும்.

நெகட்டிவ் மார்க் இல்லை

நீட், ஜே.இ.இ. மாதிரித் தேர்வு எழுதிப் பழகிய மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. தெரியாததைத் தொடாமல் விடு என்பது அங்கே புத்திசாலித்தனம். இங்கே அது நஷ்டம். பழைய எஸ்.ஏ.டி.யில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைத்தார்கள். 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு விடை தவறு என்று தெரிந்து நீக்கிவிட்டால் பாதிக்குப் பாதி. காலியாக விட்டால் பூஜ்யம்.

கடிகாரத்தில் 5 நிமிடம் மிச்சம் இருக்கும்போது திரையில் ஓர் அறிவிப்பு வரும். அதைப் பார்த்ததும் செய்யவேண்டிய முதல் காரியம், காலியாக இருக்கும் எல்லாக் கேள்விக்கும் ஏதாவது ஒரு விடையைத் தொட்டுவைப்பது. எந்தெந்தக் கேள்வி காலி என்று கீழே இருக்கும் எண் பட்டியலைத் திறந்தால் ஒரே பார்வையில் தெரியும். இதற்கு 20 விநாடிகூட ஆகாது. பிறகு மிச்ச நேரத்தில் நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். கடைசி நிமிடத்தில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒரு கணக்கில் மூழ்கியிருக்கும்போதே திரை மாறிவிடும்.

ஆங்கிலம்: 32 நிமிடத்தைச் சமமாகப் பங்கிடக் கூடாது

இப்போதைய தேர்வில் ஒரு பத்திக்கு ஒரே கேள்வி. பத்தி 25 முதல் 150 சொல் வரை. கேள்விகள் எந்த வரிசையில் வரும் என்பது மாறுவதில்லை, இதைத் தெரிந்துவைத்திருப்பது பெரிய வசதி. முதலில் சொல்லும் அமைப்பும்: கோடிட்ட இடத்துக்குப் பொருத்தமான சொல், பத்தியின் நோக்கம், இரண்டு பத்திகளை ஒப்பிடுவது. அடுத்து கருத்து: மையக் கருத்து, ஒரு வாதத்துக்கு எது சான்று, அட்டவணையையோ வரைபடத்தையோ பார்த்துச் சொல்வது, பத்தியை வைத்து ஊகித்து முடிப்பது. மூன்றாவது இலக்கணமும் நிறுத்தற்குறியும். கடைசியில் வாக்கியங்களை இணைக்கும் சொற்களும், குறிப்புகளை வைத்து ஒரு வாக்கியம் அமைக்கும் கேள்விகளும்.

ஆக, ஒரு மாட்யூலின் முன்பாதி படித்து யோசிக்கவேண்டியது, பின்பாதி விதி தெரிந்தால் சட்டென்று முடிவது. முதல் 15 கேள்விக்குக் கேள்விக்கு 80 விநாடி வீதம் 20 நிமிடம் எடுத்துக்கொண்டாலும், மிச்சம் 12 கேள்விக்கு 12 நிமிடம் இருக்கும். இலக்கணத்தில் தேறியவருக்கு அது தாராளம். 14-ஆவது கேள்வியில் இருக்கும்போது கடிகாரம் 15 நிமிடம் காட்டினால் 'பாதி நேரம் தாண்டிவிட்டதே' என்று பதறி, ஊகக் கேள்விகளை மேலோட்டமாகப் படித்துத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே பதற ஒன்றுமில்லை. 15-ஐ முடிக்கும்போது கையில் 12 நிமிடத்துக்குக் கீழே இருந்தால்தான் கவலைப்படவேண்டும்.

படிக்கும் கேள்விகளில் மெதுவாக இருப்பவர்கள் இலக்கணப் பகுதியிலிருந்து தொடங்கிப் பிறகு முன்னால் வருவதும் உண்டு. மாட்யூலுக்குள் எங்கே வேண்டுமானாலும் தாவலாம் என்பதால் அதற்குத் தடையில்லை. பயிற்சியில் பல முறை செய்து பார்த்துப் பழகியிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். தேர்வு நாளில் திடீரென்று வரிசையை மாற்றினால் எதை விட்டோம், எதை முடித்தோம் என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

நிறுத்தற்குறிக் கேள்வி ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். இரண்டு முழு வாக்கியங்கள், நடுவில் கோடிட்ட இடம். விடைகளில் ஒன்று காற்புள்ளி, ஒன்று அரைப்புள்ளி, ஒன்று முற்றுப்புள்ளியும் பெரிய எழுத்தும், ஒன்று குறியே இல்லை. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது ஆங்கிலத்தில் தவறு, ஆகவே அது போகும். குறியே இல்லாததும் போகும். மிஞ்சுவது அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும். இரண்டும் செய்வது ஒரே வேலை, இரண்டும் சரியாக இருக்க முடியாது. அப்படியானால் ஆரம்பத்தில் நினைத்தது தவறு: இரண்டில் ஒரு பகுதி முழு வாக்கியம் இல்லை. திரும்பிப் போய் வினைச்சொல்லைத் தேடினால் 'படித்த' என்பதுபோல் ஓர் எச்சம் முற்றுவினை வேடத்தில் நிற்பது தெரியும். இந்தப் பொறி அடிக்கடி வருகிறது. வேலை ஒன்றேயான இரண்டு விடைகள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே அடித்துவிடலாம் என்று கை பழகிவிட்டால், 71 விநாடி இடத்தில் 30 விநாடி போதும்.

குறிப்புகளை வைத்து வாக்கியம் அமைக்கும் கேள்வியிலும் நேரம் மிச்சம் பிடிக்கலாம். நான்கைந்து குறிப்புகளைக் கொடுத்துவிட்டு, 'இந்த மாணவர் இரண்டு ஆய்வுகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் காட்ட விரும்புகிறார்' என்பதுபோல் ஒரு நோக்கத்தைச் சொல்வார்கள். முதலில் அந்த நோக்கத்தைப் படியுங்கள். பிறகு நான்கு விடைகளைப் படியுங்கள். ஒற்றுமை என்று கேட்டால் ஒற்றுமையைச் சொல்லும் விடை பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். விடைகள் எல்லாமே உண்மையான தகவல்களாக இருக்கும், நோக்கத்துக்குப் பொருந்துவது ஒன்றாக இருக்கும். மேலிருந்து கீழாகக் குறிப்புகளை மனப்பாடம் செய்வதுபோல் படிப்பது வீண் வேலை.

கணிதம்: முதல் பத்தில் சேமித்து, கடைசிப் பத்தில் செலவழிப்பது

கணிதத்தில் கேள்விகள் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். பாடப்பகுதி என்று பார்த்தால் இயற்கணிதமும் உயர்நிலை இயற்கணிதமும் சுமார் 35 சதவீதம் வீதம், விகிதம், சதவீதம், புள்ளிவிவரம் சுமார் 15 சதவீதம், வடிவியலும் முக்கோணவியலும் சுமார் 15 சதவீதம். நேர்கோடு, இருபடிச் சமன்பாடு இரண்டும் கைவந்தவருக்குப் பாதித் தேர்வு கையில் என்று சொல்லிவிடலாம்.

95 விநாடி என்ற சராசரி இங்கேயும் ஏமாற்றும். முதல் 10 கேள்வியை 12 நிமிடத்துக்குள் முடித்தால் மிச்சம் 12 கேள்விக்கு 23 நிமிடம், அதாவது கேள்விக்கு 115 விநாடி கிடைக்கும். கடைசி ஐந்தாறு கேள்விகளுக்கு அந்த நேரம் தேவைப்படும். ஆனால் முதல் பத்தில் வேகம் என்பது கேள்வியை முழுதாகப் படிக்காமல் தாண்டுவதாக ஆகிவிடக் கூடாது. ஒரு எண்ணின் மும்மடங்கிலிருந்து 5-ஐக் கழித்தால் 16 வருகிறது, அந்த எண்ணின் இருமடங்கு என்ன? எண் 7 என்று கண்டுபிடித்ததும் விடைகளில் 7 கண்ணில் படும். கை அங்கே போய்விடும். கேட்டது 14. கணக்கு தெரிந்தும் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். தொடுவதற்கு முன் கேள்வியின் கடைசி வரியை மறுபடி படிப்பதற்கு மூன்று விநாடி போதும்.

சுமார் கால்வாசிக் கணிதக் கேள்விகளில் தேர்ந்தெடுக்க விடைகள் இருக்காது, விடையை நாமே தட்டச்சு செய்யவேண்டும். சரியாகக் கணக்குப் போட்டுவிட்டு, பதிவு செய்வதில் தவறுகிறவர்கள் இங்கே நிறைய. விடை நேர்ம எண்ணாக இருந்தால் புள்ளியையும் சேர்த்து 5 எழுத்துவரை இடம், குறை எண்ணாக இருந்தால் கழித்தல் குறியோடு 6. விடை 8/3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8/3 என்றே எழுதலாம். தசமத்தில் என்றால் இடம் நிரம்பும்வரை எழுதவேண்டும்: 2.666 அல்லது 2.667. நோட்டில் எழுதுவதுபோல் 2.67 என்று சுருக்கினால் தவறாகிவிடும். கலப்புப் பின்னமும் ஆகாது. இரண்டரை என்பதை 2 1/2 என்று எழுத நினைத்தால் உள்ளே விழுவது 21/2, அதாவது பத்தரை. 5/2 அல்லது 2.5 என்று எழுதவேண்டும். சதவீதக் குறி, நாணயக் குறி, ஆயிரத்துக்கான காற்புள்ளி எதுவும் போடக் கூடாது. விடை எப்படிப் பதிவாகும் என்று பெட்டிக்குக் கீழேயே முன்னோட்டம் காட்டும், அதை ஒருமுறை பாருங்கள். பின்னத்தை அப்படியே எழுதுவதுதான் பாதுகாப்பு.

கால்குலேட்டரைக் கணிதம் முழுக்கப் பயன்படுத்தலாம். திரையிலேயே டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட வகையில் சொந்தக் கால்குலேட்டரும் கொண்டுபோகலாம். இரண்டு சமன்பாடுகளைத் தட்டச்சு செய்தால் கோடுகள் வெட்டும் புள்ளியைத் தொட்டு விடையைப் படித்துவிடலாம். இருபடிச் சார்பின் உச்சப் புள்ளியும் அப்படியே. தாளில் இரண்டு நிமிடம் ஆவது இங்கே 30 விநாடியில் முடியும். ஆனால் 15 சதவீதம் கண்டுபிடிக்கவும், ஒரே படியில் முடியும் சமன்பாட்டுக்கும் டெஸ்மாஸைத் திறப்பவர்களுக்கு நேரம் போவது தெரியாமல் போகும். முக்கோணவியல் கணக்கில் கோணம் டிகிரியிலா ரேடியனிலா என்று அமைப்பைப் பாருங்கள். சைன் 30 என்று தட்டிப் பார்த்தால் 0.5 வரவேண்டும். சுமார் -0.988 வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது.

வடிவியல் சூத்திரங்கள் திரையில் ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருக்கும். வட்டத்தின் பரப்பு, கூம்பின் கனஅளவு எல்லாம் அதிலேயே உண்டு. இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரம் அதில் இல்லை, அதை மனதில் வைத்திருக்கவேண்டும்.

தேர்வு நாள்

தேர்வு ப்ளூபுக் என்ற செயலியில் நடக்கும். லேப்டாப், டேப்லெட் ஆகும், மொபைல் ஆகாது. தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போதிலிருந்து செயலியில் முன்னேற்பாட்டை முடித்து அனுமதிச் சீட்டை எடுக்கலாம். முந்தைய இரவுவரை தள்ளிப்போடவேண்டாம், அப்போதுதான் செயலி புதுப்பிப்பு கேட்கும். லேப்டாப்பில் 3, 4 மணி நேரம் நிற்கும் சார்ஜ் வேண்டும். சார்ஜரைக் கொண்டுபோகலாம், மையத்தில் இருக்கையருகே பிளக் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

அனுமதிச் சீட்டில் வேறு நேரம் போட்டிருந்தால் தவிர, மையத்தின் கதவு காலை 7:45-க்குத் திறந்து 8 மணிக்கு மூடும். உள்ளே ஆளைச் சரிபார்த்து, அறிவிப்புகளைப் படித்து, கண்காணிப்பாளர் தரும் தொடக்கக் குறியீட்டைத் தட்டிய பிறகுதான் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே 134 நிமிடத் தேர்வு என்றாலும் அரை நாள் போய்விடும். எழுதிப் பார்க்கும் தாளை அங்கேயே தருவார்கள். பேனாவோ பென்சிலோ நாம் கொண்டுபோகவேண்டும்.

கடிகாரத்தைத் திரையில் மறைத்துவைக்கலாம். அடிக்கடி பார்த்துப் பதறுகிறவர்களுக்கு அது நல்லதுதான், கடைசி 5 நிமிடத்தில் தானாக மறுபடி வந்துவிடும். மறைத்தால் மேலே சொன்ன கணக்குப் புள்ளிகளில், அதாவது ஆங்கிலத்தில் 15-ஆவது கேள்வி, கணிதத்தில் 10-ஆவது கேள்வி முடியும்போது ஒருமுறை திறந்து பாருங்கள்.

இணைய இணைப்பு நடுவில் அறுந்தால் தேர்வு நிற்காது. தொடங்கவும் முடிவில் விடைகளை அனுப்பவும்தான் இணைப்பு வேண்டும். அனுப்ப முடியாமல் போனால் செயலியை நீக்கிவிடாமல், அடுத்த நாளுக்குள் இணைப்பு உள்ள இடத்தில் திறந்தால் போதும். லேப்டாப் அணைந்துவிட்டால் கையைத் தூக்குங்கள். திரும்பத் திறந்ததும் எழுதிய விடைகள் அப்படியே இருக்கும். இடைவேளையில் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். மொபைலை எடுத்துப் பார்ப்பது மட்டும் கூடாது. மணி பார்க்கத்தான் எடுத்தேன் என்று சொன்னாலும் மதிப்பெண் ரத்தாகிவிடலாம்.

பார்வைக் குறைபாடு, கற்றல் குறைபாடு போன்ற காரணங்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு. ஒன்றரை மடங்கு கிடைத்தவருக்கு ஆங்கில மாட்யூல் ஒன்றுக்கு 48 நிமிடம், இரட்டை நேரம் கிடைத்தவருக்கு 64. இதைத் தேர்வு மையத்தில் போய்க் கேட்க முடியாது. பல வாரங்களுக்கு முன்பே பள்ளி வழியாக விண்ணப்பித்து காலேஜ் போர்டின் ஒப்புதலை வாங்கியிருக்கவேண்டும். கூடுதல் நேரம் வேண்டாம் என்று நடுவில் தோன்றினாலும் முழு நேரமும் உட்கார்ந்தாகவேண்டும்.

ஏ.சி.டி.யோடு குழப்பிக்கொள்ளாமல்

அமெரிக்கக் கல்லூரிகள் ஏற்கும் இன்னொரு தேர்வு ஏ.சி.டி. அதுவும் 2025-இல் சுருங்கியது. இப்போது ஆங்கிலம் 50 கேள்விக்கு 35 நிமிடம், கணிதம் 45 கேள்விக்கு 50 நிமிடம், வாசிப்பு 36 கேள்விக்கு 40 நிமிடம். அறிவியல் 40 கேள்விக்கு 40 நிமிடம், அது விருப்பப் பகுதி. ஆங்கிலத்தில் கேள்விக்கு 42 விநாடிதான், கணிதத்தில் 67. வாசிப்பில் நீளப் பத்திகள் இன்னும் இருக்கின்றன. மாட்யூல், அடாப்டிவ் எதுவும் இல்லை, எல்லாருக்கும் நேர்கோட்டில் ஒரே தேர்வு. மதிப்பெண் 1 முதல் 36. ஒன்றுக்குப் பழகிய வேகத்தோடு மற்றதில் உட்கார்ந்தால் சரிவராது. இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்பது உத்தமம்.

பயிற்சியில் கவனிக்கவேண்டியது

ப்ளூபுக் செயலியிலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை அடாப்டிவ் முறையில் நடப்பவை, ஆகவே முதலில் அவற்றையே எடுக்கவேண்டும். அச்சடித்து எழுதும் மாதிரித் தாள்கள் அப்படி மாறுவதில்லை, அவற்றில் வரும் மதிப்பெண்ணை ஓர் உத்தேசமாக மட்டும் கொள்ளுங்கள். மாதிரித் தேர்வுகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் தயாரிப்பு தொடங்கிய வாரத்திலேயே எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிடக் கூடாது. ஒன்றை ஆரம்பத்தில் எழுதி நிலவரம் பாருங்கள், மற்றதைப் படிப்புக்கு நடுவில் இடைவெளி விட்டு எழுதுங்கள். பாடவாரியாகப் பழகுவதற்குக் காலேஜ் போர்டின் கேள்வி வங்கியும் கான் அகாடமியும் போதும்.

மாதிரித் தேர்வில் ஒரு வசதி இருக்கிறது, அது கெடுதலும்கூட. மாட்யூலைச் சீக்கிரம் முடித்தால் அடுத்ததற்குப் போக விடும். உண்மையான தேர்வில் விடாது. பயிற்சியில் 26 நிமிடத்தில் முடித்து அடுத்ததைத் தட்டிப் பழகியவருக்கு, தேர்வு நாளில் கிடைக்கும் அந்த 6 நிமிடத்தை என்ன செய்வது என்று தெரியாது. வீட்டிலும் கடிகாரம் பூஜ்யம் ஆகும்வரை அதே மாட்யூலில் இருங்கள். குறித்துவைத்த கேள்விகளை முதலில் பாருங்கள், பிறகு தட்டச்சு செய்த கணித விடைகளை, கடைசியாகக் கேள்வியின் கடைசி வரிகளை. தெளிவான காரணம் இல்லாமல் விடையை மாற்றவேண்டாம்.

தேர்வு முடிந்த பிறகு தவறுகளை வகைப்படுத்தும்போது 'தெரியாதது', 'அவசரத்தில் விட்டது', 'நேரம் இல்லாமல் ஊகித்தது' என்று மூன்றாகப் பிரித்து எழுதிவையுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் வகைக்குப் பாடம் படிக்கவேண்டும், இரண்டாவதுக்குக் கடைசி வரியைத் திரும்பப் படிக்கும் பழக்கம் வேண்டும். மூன்றாவது வகை எந்த மாட்யூலில் குவிகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தின் பின்பாதியில் குவிந்தால் முன்பாதியில் ஏதோ இரண்டு கேள்விகளில் மூன்று மூன்று நிமிடம் நின்றிருப்பீர்கள். அடுத்த மாதிரித் தேர்வில் இரண்டு நிமிடம் தாண்டிய எந்தக் கேள்வியையும் ஒரு விடையைத் தொட்டு, குறித்துவிட்டு நகர்ந்து பாருங்கள்.